ஸ்ரனிஸ்லாஸ் விழவில்லை

ஸ்ரனிஸ்லாஸ் அண்ணையைப் பிடிவாதக்காரர் என்று சொல்பவர்கள் ஜெர்மனியின் கெல்சென்கிர்ச்சன் நகரில் நிறையப் பேர் இருக்கிறார்கள். பாதிப்பேர் அவரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள். மீதிப்பேர் கதையைக் காதால் கேட்டவர்கள். நான் பக்கத்தில் நின்று பார்த்தவன். அதனால் எழுதும் உரிமை எனக்குத்தான் அதிகம்.

அவர் மன்னார்க் கடற்கரைக்காரர். தொண்ணூறில் சண்டை மறுபடி தொடங்கியதும் ஊரைவிட்டு வெளியேறி, அடுத்த வருடம் ஜெர்மனிக்கு வந்து சேர்ந்தார். மனைவி ஞானமலரும் கைக்குழந்தையும் மடுக்கோயில் அகதி முகாமில் தங்கிவிட்டார்கள். இங்கே இரும்புக்குத் துத்தநாகம் பூசும் பட்டறையொன்றில் அவருக்கு வேலை கிடைத்தது. நானும் அங்கேதான் இருந்தேன். வருடா வருடம் புதுப்பிக்கிற தற்காலிக வேலை. அது நிரந்தரம் என்று பட்டறை கடிதம் கொடுத்தால் குடும்பத்தைக் கூப்பிடலாம், இல்லாவிட்டால் ஏலாது. அந்தக் கடிதம் கிடைப்பதும் கிடைக்காததும் எங்கள் மைஸ்ரர் ஹோல்ட்காம்ப் முதலாளியிடம் சொல்லும் ஒரு வார்த்தையில் இருந்தது. மைஸ்ரர் என்றால் பட்டறைக்குப் பொறுப்பானவர்.

ஹோல்ட்காம்ப் கெட்ட மனிதர் என்று சொல்லமாட்டேன். ஆனால் அவருக்கு ஒரு பைத்தியம் இருந்தது. அமெரிக்க உள்நாட்டுப் போர். நிலக்கரி மண்ணில் பிறந்து வளர்ந்த மனிதர், விடுமுறை வந்தால் சாம்பல் நிறச் சீருடையைப் போட்டுக்கொண்டு அடிமைகளை வைத்திருந்த தென்மாநிலங்களின் கப்டன் ஆகிவிடுவார். அவரைப் போல ஒரு கூட்டமே இருந்தது. ஊருக்கு வெளியே புல்வெளியில் கூடாரம் அடித்து, வெற்றுத் தோட்டா போட்ட துவக்கால் சுட்டுச் சண்டை பிடிப்பார்கள். நிசச் சண்டையிலிருந்து தப்பி வந்த எங்களுக்கு இதைப் பார்க்க எப்படி இருக்கும் என்று ஒருவரும் யோசிக்கவில்லை. எனக்கு எரிச்சல்தான் வந்தது.

தொண்ணூற்றைந்து கோடையில் எங்கள் இருவரையும் வரச்சொன்னார். அந்தப் போரின் மூன்று சண்டைகள்: காலையில் புல் ரன், மத்தியானம் அன்டீட்டம், பின்னேரம் வாக்னர் கோட்டை. மூன்று வருடப் போரை ஒரே நாளில் நடத்தி முடிக்கிற திட்டம். “கடித விஷயத்தைத் திங்கட்கிழமை பேசுவோம்” என்றும் சொன்னார். அதற்குமேல் யார்தான் வரமாட்டேன் என்பார்கள்?

போனவுடன் அண்ணையின் கையில் கிழிந்த சட்டையொன்றையும் தண்ணீர்ச் சாடியொன்றையும் கொடுத்தார்கள். ஜெர்மன் அவருக்கு அரைகுறை. நான்தான் மொழிபெயர்ப்பு.

“என்னவாம்?”

“கப்டனுக்குத் தண்ணி தூக்கிற அடிமையா நிக்கட்டாம், அண்ணை.”

“ஏன் நான்?”

“நிறம்தான்.”

அவர் சாடியை மெதுவாகப் புல்லில் வைத்தார். “எங்கடை நிறக்காரர் எப்ப துவக்குத் தூக்கினவை எண்டு கேள்.”

ஹோல்ட்காம்ப்புக்கு இப்படி யாராவது கேட்டால் போதும், தேன் குடித்த மாதிரி. போர் தொடங்கியபோது வடக்குப் படையில் கறுப்பர்களைச் சேர்க்கவில்லை, அன்டீட்டம் சண்டைக்குப் பிறகுதான் அடிமைகளுக்கு விடுதலை என்ற அறிவிப்பு வந்தது, ஆயிரத்து எண்ணூற்று அறுபத்துமூன்றில்தான் அவர்களைப் பெருவாரியாகச் சேர்த்தார்கள், வாக்னர் கோட்டையைத் தாக்கியது அப்படி ஒரு படை என்று ஆசையாக விளக்கினார்.

“அப்ப அறுபத்துமூண்டு வருமட்டும் நான் இருக்கிறன் எண்டு சொல்லு,” என்றார் அண்ணை. ஒரு பியர்ப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு அதில் உட்கார்ந்துவிட்டார்.

காலையில் புல் ரன் நடந்தது. அந்தக் காலத்தில் இரண்டு பக்கமும் ஒரே சண்டையில் எல்லாம் முடிந்துவிடும் என்று நினைத்தார்களாம். வாஷிங்டன் கனவான்கள் சாப்பாட்டுக் கூடையோடு வேடிக்கை பார்க்கப் போய், தோற்ற வடக்குப் படையோடு சேர்ந்து விழுந்தடித்து ஓடினார்களாம். இங்கேயும் சனம் உருளைக்கிழங்குச் சாலட்டோடுதான் வந்திருந்தது. சாடியைத் தூக்க ஆளில்லாததால் ஒரு தபால்காரர் முகத்தில் கரி பூசிக்கொண்டு கப்டனுக்குப் பின்னால் ஓடினார். வியர்வையில் கரி வழிந்து கழுத்து வெளுத்துப்போனது. அண்ணை சிரிக்கவில்லை. பெட்டியைவிட்டு எழும்பவும் இல்லை.

மத்தியானம் அன்டீட்டம். சோளக்காட்டுக்குள்ளும் பள்ளமான ஒரு பாதையிலும் ஒரே நாளில் ஆயிரக்கணக்கில் செத்த சண்டை. அந்தப் போரில் அதைவிடக் கொடிய நாள் வேறில்லை. யாரும் முழுசாக வெல்லவில்லை. ஆனால் தென்படை ஆற்றைக் கடந்து திரும்பிப் போனது. நாட்டைப் பிரியவிடாமல் காக்கப் பிடித்த சண்டை அதன்பிறகு விடுதலைக்கான சண்டையாகவும் மாறிவிட்டது. ஒலிபெருக்கியில் “இதுதான் திருப்புமுனை” என்றார்கள். செத்தவர்கள் எழும்பிப் பியர் குடிக்கப் போனார்கள்.

“அண்ணை, அறுபத்திரண்டு முடிஞ்சுது,” என்றேன்.

அவர் எழும்பிப்போய் வடக்குப் படையின் நீலச் சட்டையை வாங்கிப் போட்டுக்கொண்டார்.

உண்மையான வாக்னர் கோட்டை கடற்கரையில் மணலால் கட்டியது. இங்கே மண்ணைக் குவித்து மேலே மூட்டை அடுக்கியிருந்தார்கள். தாக்கும் படையில் அண்ணையும் வேறு பட்டறையொன்றில் வேலை செய்த இரண்டு கானா நாட்டுக்காரரும் இருந்தார்கள், மற்றவர்களெல்லாம் கரி பூசிய வெள்ளைக்காரர். இரண்டாவது வெடியோடு முன்வரிசை விழவேண்டும், மேலே ஒருவரும் போகக்கூடாது என்று ஹோல்ட்காம்ப் கட்டளை போட்டார்.

“நான் விழமாட்டன்,” என்றார் அண்ணை.

நான் பிழையாக மொழிபெயர்க்கிறேன் என்று ஹோல்ட்காம்ப் நினைத்தார். மறுபடி கேட்டார். மறுபடியும் அதே பதில். “வரலாறு அப்படி. நானா எழுதினேன்?” என்று முகம் சிவந்து போய்விட்டார்.

நான் அண்ணையை ஓரமாக இழுத்துக்கொண்டு போனேன். “ஒருக்கா விழுந்திட்டு எழும்புங்கோ. கடிதம் அந்தாளிட்டைக் கிடக்கு. அக்காவை நினைச்சுப் பாருங்கோ.”

“அவளைத்தான் நினைக்கிறன்,” என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார். “தொண்ணூறிலை எங்கடை கடற்கரையிலை சுட்டவங்கள். செத்த சனத்துக்குள்ளை நானும் செத்தமாதிரிக் கிடந்தன். மூக்கு முட்ட மண். ஒருத்தன் சப்பாத்தாலை தட்டிப் பாத்தவன். அண்டைக்கு உயிர் தப்பக் கிடந்தனான். இண்டைக்கு ஒருத்தன்ரை விளையாட்டுக்கு அப்பிடிக் கிடக்க என்னாலை ஏலாது.”

“இதை அவருக்குச் சொல்லட்டே? கேட்டால் விட்டிடுவார்.”

“வேண்டாம். அது அவனுக்குக் கதை சொல்ல நடந்ததில்லை.”

எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்தே வந்தன. யார்மேல் கோபம் என்று இன்றைக்கும் தெரியாது.

ஊதுகுழல் ஊதியது. முதல் வெடியில் படை முன்னேறியது. இரண்டாவது வெடியில் கரிமுகங்கள் எல்லாம் சொன்னபடி சாய்ந்தன. அண்ணை ஓடவில்லை, நடந்தே போனார். புகைக்குள்ளால் மண்மேட்டில் ஏறி, ஹோல்ட்காம்ப்புக்கு நேரே போய் நின்றார். ஹோல்ட்காம்ப் சுட்டார். அண்ணை நின்றார். இன்னொருமுறை சுட்டார்.

“நீ இறந்துவிட்டாய்! படு!” என்று ஜெர்மனில் கத்தினார் ஹோல்ட்காம்ப்.

“இல்லை. நான் உயிரோடு இருக்கிறேன்,” என்றார் அண்ணையும் ஜெர்மனில். அந்த வசனத்துக்கு நான் தேவைப்படவில்லை. காலடியில் செத்துக் கிடந்த ஒருவர் ஒரு கண்ணைத் திறந்து மேலே பார்த்தார். கோட்டைக்குள் இருந்தவர்கள் துவக்கைக் கீழே போட்டுவிட்டு அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அண்ணை தனக்குப் போதும் என்று பட்டபிறகுதான் இறங்கி வந்தார்.

திங்கட்கிழமை கடிதத்தைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. வருட முடிவில் வேலை புதுப்பிக்கப்படவில்லை. காரணம் ஏதோ சொன்னார்கள், காரணத்துக்கா பஞ்சம்? அண்ணை வுப்பர்டாலில் வேறு தொழிற்சாலையில் சேர்ந்தார். அங்கே நிரந்தரக் கடிதம் கிடைத்து, ஞானமலர் அக்காவும் மகள் அஞ்சலாவும் வந்து இறங்கும்போது தொண்ணூற்றேழு ஆகிவிட்டது.

விமான நிலையத்திலிருந்து நான்தான் காரில் கூட்டிக்கொண்டு வந்தேன். பின்னுக்கு அக்காவின் மடியில் அஞ்சலா தூங்கிவிட்டாள். என் வாய் சும்மா இருக்குமா? முழுக் கதையையும் சொல்லி, “இந்த மனிசன் ஒரு நிமிசம் கீழை விழுந்திருந்தா நீங்கள் ஒரு வருசம் முந்தியே வந்திருப்பியள், அக்கா,” என்றேன்.

அக்கா முன் இருக்கையில் இருந்த அண்ணையின் பிடரியைப் பார்த்துச் சொன்னார்.

“விழாதது சரி. ஆனா முகாமிலை கிடந்த அந்த வருசம் உங்கடை இல்லை, என்ரை. கேட்டிருந்தா நானே தந்திருப்பன். நீங்கள் கேக்கேல்லை.”

“ஓம்,” என்றார் அண்ணை. “கேக்கேல்லை.”