வலி கூட்டிய கார்

மனைவிக்கு முதுகில் ஆபரேஷன் ஆன பிறகுதான் அந்தப் பழைய ஆட்டோமேட்டிக் காரை வாங்கினேன். முன்பிருந்த வண்டியில் நான் கியர் மாற்றும் ஒவ்வொரு குலுக்கலுக்கும் அவள் பல்லைக் கடிப்பாள்; பார்க்கச் சகிக்காது. இதில் கியர் மாறுவதே தெரியாது. கோயம்புத்தூர் வரைக்கும் தூங்கிக்கொண்டு வருவாள்.

போன மாதம் இரண்டாவது கியர் விழும்போது லேசாக இடித்தது. அவள் தம்பியிடம் சாவியைக் கொடுத்து, பாலக்காட்டு ஒர்க்‌ஷாப்பில் காட்டச் சொன்னேன். “கியர் மாறறப்ப அக்காளுக்கு வலிக்குதுன்னு சொல்லு” என்றேன். அங்கே நடந்ததை அவனே பெருமையாகச் சொன்னான். தமிழும் மலையாளமும் கலந்த எங்கள் எல்லைப் பக்கத்துப் பேச்சில், “வலிதான் பிரச்சினை” என்றானாம். மலையாளத்தில் வலி என்றால் இழுவை. வண்டி இழுக்கவில்லை என்று எடுத்துக்கொண்ட மெக்கானிக், “வலி கூட்டணோ?” என்று கேட்டிருக்கிறார். இவன் பல்லை இளித்துக்கொண்டு தலையாட்டியிருக்கிறான். ஆசை இவனுடையது, சாக்கு அக்காளுடைய முதுகு.

கியர் பெட்டியைப் பிரித்து, ஆயில் ஓடும் துளைகளைப் பெரிதாக்கி, ஸ்பிரிங்குகளை மாற்றியிருந்தார்கள். வழுக்கிக்கொண்டு மாறிய கியர் இப்போது பின்னாலிருந்து உதைத்த மாதிரி விழுந்தது. பின்கண்ணாடியில் தீ எரியும் ஸ்டிக்கர் வேறு.

“பழையபடி மாத்திக் கொண்டா” என்றேன்.

“ஏனுங்க மாமா, ஒருக்கா போய்ப் பாக்கலாமுங்க. ரேஸ் வண்டியாட்ட இருக்குது. அக்காளுக்கே புடிச்சுப்போகும்.”

அன்று அவளுக்குக் கோயம்புத்தூரில் பிசியோதெரபி. தள்ளிப்போட முடியாது, வேறு வண்டியும் கிடைக்கவில்லை. நான் ஓட்டுகிறேன் என்றதற்கு, “இது உங்க காலுக்குப் பிடிபடாதுங்க” என்று அவனே ஏறி உட்கார்ந்துகொண்டான். அவன் போட்டிருந்த சென்ட் நாற்றம் வண்டி முழுக்க அடித்தது. நான் பின்சீட்டில் அவளுக்குத் தலையணை வைத்துத் தாங்கிக்கொண்டேன்.

வேலந்தாவளம் செக்போஸ்ட் தாண்டியதும் அழுத்தினான். ஒவ்வொரு கியருக்கும் அவள் முதுகு சீட்டில் மோதி மீண்டது. என் மணிக்கட்டை நகம் பதியப் பிடித்தாள். இவனுக்கு அதெல்லாம் எங்கே தெரியப்போகிறது, இன்ஜின் சத்தத்துக்கு இணையாக விசிலடித்துக்கொண்டிருந்தான். இப்படியும் ஒரு பிறவி இருக்குமா என்று அருவருப்பாக இருந்தது.

“நிறுத்துடா” என்று கத்தினேன்.

ஓரமாக நிறுத்தி, கண்ணாடியில் அக்காளைப் பார்த்துச் சிரித்தான்.

“எப்படிக்கா, வலி கூடியிருக்குதா?”

“கூடியிருக்குது” என்றாள்.

உடனே மெக்கானிக்குக்குப் போன் போட்டு, அக்காளுக்குப் பிடித்துவிட்டது என்று சொன்னான்.