ஜூன் ஒன்றாம் தேதிக்காரர்கள்

காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தேன். போன் கிணுங்கியது. பேங்க்கிலிருந்து பிறந்தநாள் வாழ்த்து. வாய் கொப்பளிப்பதற்குள் எதிர்வீட்டிலும் ஒரு போன் கிணுங்கியது. மைதீன் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினான்.

“என்னவே, பொறந்தாச்சா?”

“ஆச்சு. நீரு?”

“இப்பத்தான்.”

வருஷா வருஷம் இதே பேச்சுதான். தாராவியில் எங்கள் சந்தில் என் வயதுக்காரர்கள் எல்லாரும் ஜூன் ஒன்றாம் தேதிதான் பிறந்தோம். நம்பவில்லையென்றால் ஆதாரைப் பாருங்கள். முனிசிபாலிட்டி தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது வாத்தியார் பிறந்த தேதி கேட்பார். “கோயில் கொடைக்கு முந்தின செவ்வா, நல்ல வெயிலு” என்று என் அம்மா சொன்னாள். வாத்தியார் வெயிலை எங்கே எழுதுவார்? ஜூன் ஒன்று என்று போட்டார். மைதீனின் உம்மா, “நோம்புப் பெருநா கழிஞ்சு” என்றார்களாம். அவனுக்கும் ஜூன் ஒன்று. அந்த ஒரு வாத்தியாருக்கு எத்தனை பிள்ளைகள் என்று அவருக்கே தெரியாது.

நான் நாலாவதோடு நின்றுவிட்டேன். தேதி மட்டும் கூடவே வந்தது. டாக்ஸி லைசென்ஸிலும் அதுதான்.

டாக்ஸி என்றதும் எனக்கு மல்லிகைப்பூ வாசனை வருகிறது. பெட்ரோல் வாசனைதான் வர வேண்டும், வராது. மாட்டுங்காவில் பூக்கடைகளை ஒட்டித்தான் எங்கள் ஸ்டாண்டு. கச்சேரிக்கும் கல்யாணத்துக்கும் போகிற பெண்கள் பூ வாங்கிக்கொண்டு நேரே வண்டியில் ஏறுவார்கள். சீட்டு உறையிலேயே அந்த வாசனை ஊறிவிட்டது. என் சட்டையிலும் ஏறிவிட்டது. கல்யாணமான புதிதில் என் மனைவி சொர்ணம் சட்டையை மோந்து பார்த்துவிட்டுத்தான் சோறு போடுவாள்.

சொர்ணத்துக்கு ஒரு பாட்டுக்கார அம்மாமேல் உயிர். பெயர் சொல்ல மாட்டேன். சொன்னால் நீங்களே பாட ஆரம்பித்துவிடுவீர்கள். அந்த அம்மா படம் போட்ட கேசட் உறையை சாமி படத்துக்குப் பக்கத்தில் சொருகி வைத்திருந்தாள். செம்பூரில் அவருக்குக் கச்சேரி என்று தெரிந்ததும் டிக்கெட் கேட்டாள். கச்சேரி நடத்துகிற சங்கத்துக்குப் போனேன். மெம்பருக்கு மட்டும் என்றார்கள். சரி என்று வந்துவிட்டேன்.

“வேற ஒண்ணும் கேக்கலியா?”

“இல்ல.”

“வாயில என்ன, கொழுக்கட்டையா?”

அதோடு பேச்சை நிறுத்தினாள். நான் பேசாமல் வந்ததற்கு அவள் பேசாமல் இருந்தாள். வீட்டில் பாத்திரங்கள் மட்டும் பேசின.

கச்சேரி அன்று சாயங்காலம் நல்ல மழை, அந்த வருஷம் முந்திக்கொண்டது. கிங் சர்க்கிளில் முழங்கால் தண்ணீர். ஒரு வெள்ளைக் கார் நடுவில் நின்றுபோயிருந்தது. அதிலிருந்து சட்டையில் சங்கத்து பேட்ஜ் குத்திய ஒருவர் இறங்கி, ஒரு அம்மாவுக்குக் குடை பிடித்துக்கொண்டு வந்தார்.

“டாக்ஸி, செம்பூர் சலோகே?”

“பைட்டியே” என்று பின்கதவைத் திறந்துவிட்டேன்.

இந்த ஊரில் தமிழனும் தமிழனும் முதலில் இந்தியில்தான் பார்த்துக்கொள்வார்கள். தமிழ் பிறகு வரும். சில சமயம் வராமலே போகும்.

கண்ணாடியில் பார்த்தேன். கேசட் உறையில் இருந்த முகம். ஈரமாக இருந்தது, அவ்வளவுதான் வித்தியாசம். டிக்கெட் விஷயம் தொண்டைவரை வந்தது. அங்கேயே உட்கார்ந்துகொண்டது.

பேட்ஜ்காரர் சொன்னார்: “இன்னிக்கு உங்க பர்த்டேயாச்சே மேடம். மேடையில கேக் வெட்டணும்னு கமிட்டியில ஆசைப்படறா.”

“ஐயோ, வேண்டாம் சார். அது நான் பொறந்த நாளே இல்ல. ஆடு குட்டி போட்ட மறுநாள்னு எங்கம்மா சொல்லுச்சு. வாத்தியார் சிரிச்சிட்டு ஜூன் ஒண்ணுன்னு போட்டுட்டாரு.”

அவர் என்னைக் கண்ணால் காட்டினார். “மெதுவா பேசுங்கோ.”

“அவருக்கு எங்க சார் தமிழ் தெரியப்போவுது?”

சயான் சிக்னலில் சிவப்பு விழுந்தது. திரும்பினேன்.

“எனக்கும் அதே வாத்தியார்தாம்மா.”

 அந்த அம்மா சிரித்தார். கேசட்டில் பாட்டுக்கு நடுவில் கேட்ட சிரிப்புதான். நேரில் சத்தம் அதிகம்.

“உனக்கும் ஜூன் ஒண்ணா? பொறந்தநாள் அன்னைக்கு வண்டி ஓட்டுறே?”

“நீங்க பாடுதீங்கள்ல.”

செம்பூர் வரை சிரித்துக்கொண்டே வந்தார். ஹால் வாசலில் நிறுத்தினேன். “கூடப்பொறந்த மாதிரி ஆயிட்டே. என்ன வேணும், கேளு” என்றார்.

இதற்கு மேல் யார் கேட்பார்கள்? வாயைத் திறந்தேன்.

“மீட்டர்ல என்ன வருதோ அது போதும்மா.”

டாக்ஸிக்காரன் வாய்க்கு அதுதான் பழக்கம். பேட்ஜ்காரர் பர்ஸை எடுத்தார். அந்த அம்மா இறங்கிப் படியில் கால் வைத்துவிட்டார். அப்போதுதான் சொர்ணத்தின் பாத்திரச் சத்தம் காதில் விழுந்த மாதிரி இருந்தது.

“அம்மா.”

“என்னப்பா?”

“வீட்டுல பேச மாட்டேங்கா.”

“ஏன்?”

“உங்க கச்சேரிக்கு டிக்கெட் கெடைக்கல.”

அவர் பேட்ஜ்காரரைப் பார்த்தார். “ஹவுஸ்ஃபுல் மேடம்” என்றார் அவர்.

“சரி, நான் கேக்கு வெட்டறேன். அந்தப் பொண்ணு வந்தப்பறம் வெட்டறேன்.”

வண்டியைத் திருப்பினேன். வீட்டில் சொர்ணம் மாவு கரைத்துக்கொண்டிருந்தாள்.

“கெளம்பு. அந்தம்மா கூப்பிடுதாக.”

எழுந்து வந்து என் வாயை மோந்து பார்த்தாள். பிறகு சட்டையை.

“வண்டியில யாரு வந்தா?”

“அந்தம்மாதான்.”

மேடை ஓரத்தில், மைக் செட்டுக்காரரின் பெட்டிகளுக்கு நடுவே நின்று பார்த்தோம். சொர்ணத்தின் கையில் காய்ந்த மாவு. கேக் வெட்டும்போது அந்த அம்மா மைக்கில், “இன்னிக்கு எனக்கும் ஒரு டாக்ஸிக்காரருக்கும் பொறந்தநாள். ரெண்டு பேருக்கும் ஒரே வாத்தியார்” என்றார். யாருக்கும் புரியவில்லை. இருந்தாலும் கைதட்டினார்கள்.

“ஒங்களுக்கு இன்னைக்கா பொறந்தநாளு? எங்கிட்ட சொன்னதே இல்லியே.”

“அது பொய்த் தேதி.”

“அந்தம்மாவுக்கு மட்டும் நெசமா? அவுக கேக்கு வெட்டல?”

அன்றிலிருந்து ஜூன் ஒன்றுக்கு வீட்டில் கேசரி. சந்துக்கே கேசரி. சொர்ணம் பள்ளிக்கூடம் போகாதவள், அவளுக்குத் தேதியே கிடையாது. ஆதார்க்காரன் ஜனவரி ஒன்று போட்டான். “எனக்கு ஊரே வெடி போடுது” என்கிறாள்.

அந்த ஹால் இருந்த இடத்தில் இப்போது அடுக்குமாடி டவர். என் கறுப்பு மஞ்சள் வண்டி காயலான் கடைக்குப் போய்விட்டது. அந்த அம்மாவும் போய்விட்டார். டிவியில் பிறந்த தேதி சொன்னபோது சொர்ணம் என்னைப் பார்த்தாள். “யாருட்டயும் சொல்லாதீங்க” என்றாள். நான் யாரிடம் பேசுகிறேன், சொல்வதற்கு?

இப்போது பிள்ளைகள் ஆஸ்பத்திரியில் பிறக்கிறார்கள். ஆளுக்கொரு தேதி, நேரம் முதற்கொண்டு எழுதிக் கொடுக்கிறார்கள். முன்பு ஜூன் ஒன்று காலையில் சந்து முழுக்க போன் கிணுங்கும், கோயில் மணி மாதிரி. மற்றவர்கள் ஒவ்வொருவராகப் போய்ச் சேர்ந்துவிட, இன்றைக்கு எனக்கும் மைதீனுக்கும் மட்டும்தான்.

சொர்ணம் கேசரி கிண்ட பக்கத்து வீட்டு அண்டாவைக் கேட்டு வாங்கப் போனாள். பாதி வழியில் நின்றாள். திரும்பி வந்து, பால் காய்ச்சும் சின்னச் சட்டியை அடுப்பில் வைத்தாள்.