மூன்றே ஸ்பேடும் ஒரு டபுளும்

கட்டிங் மாஸ்டர் ஆலையில் வேலை பார்க்கும் அழகே தனி. அடுக்கடுக்காகத் துணியை மேசையில் விரித்துப் போட்டால், வெட்டுக் கோட்டைத் திரும்பத் திரும்பச் சரிபார்த்த பிறகுதான் மெஷினைத் தொடுவார். மேனேஜர் தலைகீழாக நின்றாலும் அவசரப்பட மாட்டார். அப்பேர்ப்பட்ட மனிதருக்குச் சீட்டைக் கையில் எடுத்ததும் பொறுமை பறந்துவிடும். இருந்த பொறுமையையெல்லாம் ஆலையிலேயே செலவழித்துவிட்டு வருவார் போலிருக்கிறது.

டயர் கடை மாடியில் சனிக்கிழமை மதியம் பிரிட்ஜ் ஆட்டம். இரண்டிரண்டு பேராக ஜோடி சேர்ந்து ஆடுவார்கள். அவருக்கு ஜோடி அவர் மனைவி. பல் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவர், அதிகம் பேசாதவர்.

அன்றைக்கு ஏலத்தில் மாஸ்டர் ஒரு ஸ்பேட் என்று ஆரம்பிக்க, மனைவி யோசித்து "நாலு ஸ்பேட்" என்று ஏற்றினார். ஸ்பேடைத் துருப்பாக வைத்துப் பதின்மூன்று சுற்றில் பத்துப் பிடி எடுத்துக் காட்டுகிறோம் என்று சொல்வது அது. எதிரணியில் இருந்த டயர் கடைக்காரர் சிரித்துக்கொண்டே "டபுள்" என்றார். உங்களால் முடியாது, தோற்றால் இரு மடங்கு அபராதம் என்று அர்த்தம்.

டயர்காரர் முதல் ஹார்ட்டை இறக்கியதும் மனைவி தன் சீட்டுகளை மேசையில் விரித்தார். விரித்தவருக்கு டம்மி என்று பெயர். அந்த ஆட்டம் முடியும்வரை வாயைத் திறக்கக் கூடாது. விரித்ததில் ஸ்பேட் மூன்றே மூன்று. மாஸ்டர் கையில் நான்கு, நான்கும் பெரியவை. மீதி ஆறில் நான்கு தன்னிடம் இருப்பதால்தானே அந்த மனுஷன் டபுள் சொல்கிறார்? இதை ஒரு நிமிஷம் நினைத்துப் பார்க்க வேண்டாமா? மாஸ்டர் நினைக்கவில்லை. மூன்றாவது ஹார்ட் வந்ததும், கையில் ஹார்ட் தீர்ந்திருந்ததால் சட்டென்று துருப்பால் வெட்டினார். அவருடைய நான்கு துருப்பு மூன்றானது. டயர்காரரின் நாலாவது துருப்பு மிஞ்சி நின்று ஆட்டத்தையே விழுங்கியது. இரண்டு பிடி குறைந்தது.

"மூணே ஸ்பேட வச்சுக்கிட்டு யாராச்சும் நாலுக்கு ஏத்துவாங்களா? மூளை இருக்கா உனக்கு?"

ஹால் முழுக்கக் கேட்டது. மனைவி சீட்டுகளை அடுக்கி வைத்துவிட்டு எழுந்தார். அதோடு சரி, மாடி ஏறவில்லை. சனிக்கிழமை டூட்டி மாற்றிக்கொண்டதாகச் சொன்னார். மாஸ்டரும் வசதியாக நம்பிக்கொண்டார்.

வருஷங்கள் ஓடின. போன சனிக்கிழமை, அவருடைய இப்போதைய ஜோடியான கண்ணாடிக் கடைக்காரர் இதே சிக்கலில் மாட்டினார். ஆனால் அவர் வெட்டவில்லை. மூன்றாவது ஹார்ட்டுக்கு உதவாத ஒரு டயமண்டைத் தூக்கிப் போட்டுவிட்டு அந்தப் பிடியையும் விட்டுக்கொடுத்தார். அடுத்த ஹார்ட்டை டம்மியின் குட்டித் துருப்பு வெட்டியது. அவருடைய நான்கு துருப்பும் அப்படியே பத்திரம்.

ஞாயிறு காலை மாஸ்டர் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் பழைய ஆட்டத்தை அப்படியே பரப்பினார். அந்தச் சீட்டுகளில் ஒன்றுகூட அவருக்கு மறந்திருக்கவில்லை. வெட்டாமல் ஆடிப் பார்த்தார். பத்துப் பிடியும் வந்தது. மறுபடி ஆடினார். மறுபடியும் பத்து.

"இங்க வாயேன். நீ நாலுன்னு சொன்னது சரிதான். நான்தான் கெடுத்துட்டேன்."

ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே வந்த மனைவி சீட்டுகளைப் பார்த்தார்.

"அந்த டயமண்டப் போட்டிருக்கணும். அன்னிக்கே தெரியும்."

"ஏன் சொல்லல?"

"ஆட்டத்துல டம்மி பேசக் கூடாது. முடிஞ்சப்புறம் நீங்க எங்க பேச விட்டீங்க?"

"தப்புதான். சனிக்கிழமை வா. எல்லார் முன்னாடியும் சொல்லிடறேன்."

"எல்லாரும்னா? டயர்காரர் போய்ச் சேர்ந்துட்டாரு. அவர் ஜோடி ஊர விட்டே போயிட்டாரு. அன்னிக்கு அந்த ஹால்ல இருந்தவங்கள்ல இப்ப யாரு வர்றாங்க?"

மாஸ்டர் ஒவ்வொரு முகமாக நினைத்துப் பார்த்தார். ஒருவரும் மிச்சமில்லை.

"அப்ப யார்கிட்டங்க சொல்லுவீங்க?" என்று கேட்டுவிட்டு, அடுப்பில் பால் பொங்குகிறதா என்று பார்க்கப் போனார் மனைவி.