பெருமாயியின் பத்துக் கோழிகள்

அரியூர் நாட்டுப் பெருமாயிக்குப் பொறாமைதான் மூச்சு. பக்கத்து வீட்டுக் கண்ணாயியின் அவரை பூத்தால் இவளுக்குக் காய்ச்சல் வரும். அந்தச் சூட்டில் சாமைக்கஞ்சியே கொதிக்கும்.

சுகாதார வாரத்தில் சுத்தமான வாசலுக்குச் சோப்புப் பரிசு என்று தண்டோரா போட்டார்கள். கண்ணாயியின் வாசலோ கண்ணாடி. அதிகாரி வருமுன் பெருமாயி தன் பத்துக் கோழிகளையும் அங்கே விரட்டிவிட்டாள். அவை கிளறி நாசமாக்கின.

"உனக்குக் கோழி இல்லையா?" என்று பெருமாயியிடம் கேட்டார் அதிகாரி.

"ஒண்ணுகூட இல்லீங்க சாமி."

பரிசு அவளுக்கே கிடைத்தது. கண்ணாயி கோழிகளைக் கூடைபோட்டு மூடினாள்.

"யாருதுன்னே தெரியலீங்க அக்கா. என்ற ஊட்டுலயே இருக்கட்டும்."

கோழியே இல்லை என்று ஊரே கேட்கச் சொல்லிவிட்டதால் பெருமாயி சோப்போடு வீடு திரும்பினாள். கண்ணாயி வீட்டில் முட்டை பொரிக்கும் வாசனை வரும்போதெல்லாம் சோப்பை எடுத்து முகர்ந்துகொண்டாள்.