பேஷண்ட்டைப் பேசவிட்ட பெண்

சென்ற மாதம் ஒரு இருபது வயதுப் பெண் என்னைப் பேசாமல் இருக்கச் சொன்னாள். மரியாதையாகத்தான் சொன்னாள். இருந்தாலும்... என்னையா?

வாரா வாரம் இந்தப் பத்தியைப் படிப்பவர்களுக்கு என்னைத் தெரியும். ஐந்தாம் வகுப்பு ஃபெயில். இருங்காட்டுக்கோட்டையில் சித்தாளாகக் கல் சுமந்தேன். இன்று அதே ஊரில் நாற்பது ரூம் கட்டி வாடகைக்கு விட்டிருக்கிறேன். தாலுகா ஆபீஸோ, போலீஸ் ஸ்டேஷனோ, நான் பேசினால் காரியம் முடியும். பேசியே முன்னுக்கு வந்தவன் நான்.

என் ரூம் ஒன்றில் முத்துமாரி என்ற பெண் தங்கியிருக்கிறாள். சங்கரன்கோவில் பக்கம். கார்களுக்கு வயர் கோர்க்கும் கம்பெனியில் வேலை. அவளுக்கு இரண்டு மாதத்தில் மூன்றாவது முறையாகக் குளிர் ஜுரம். இனி லீவு போட்டால் வேலை கிடையாது என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டார். வேலை போனால் ஊருக்குப் போய், அப்பா பார்த்து வைத்திருக்கும் மாப்பிள்ளைக்குக் கழுத்தை நீட்ட வேண்டும். ஜுரத்தைவிட அவளுக்கு அந்தப் பயம்தான் பெரிது.

முதல் இரண்டு தடவை பக்கத்துக் கிளினிக்குக்கு நான்தான் அழைத்துப் போனேன். டாக்டர் கேட்பார், நான் பதில் சொல்வேன். எங்கள் பக்கத்து வழக்கமே அதுதான். ஹாஸ்டல் வார்டனோ, கான்ட்ராக்டரோ, ஹவுஸ் ஓனரோ – கூட்டி வந்தவர்தான் பேசுவார். பேஷண்ட் நாக்கை நீட்டுவதோடு சரி.

மூன்றாவது தடவை பெரிய ஆஸ்பத்திரி. நர்சிங் படிக்கும் பெண் ஒருத்தி பயிற்சிக்கு வந்திருந்தாள். ஸ்டூலை இழுத்துப் போட்டு முத்துமாரி பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"உங்களுக்கு என்ன பண்ணுதுக்கா?"

"இன்னா பண்ணும்? சோறு துன்றதில்ல. எந்நேரமும் போன் பாத்துகினு கீது" என்றேன் நான்.

"ஐயா, அவங்க சொல்லட்டும். நீங்க கொஞ்சம் பேசாம இருங்க."

"அது இன்னாமா சொல்லும்? வாயில்லாத பொண்ணு."

பின்னால் அவளுடைய டீச்சர் நின்றிருந்தார். வயதான சிஸ்டர். "சார், வெளியில டீ நல்லா இருக்கும். மெதுவா குடிச்சிட்டு வாங்க" என்றார்.

கோபம் வராமல் இருக்குமா? டீயோடு கதவுக் கண்ணாடி வழியே பார்த்தேன். அந்தப் பெண் நோட்டை மூடி மடியில் வைத்திருந்தாள். முத்துமாரி வாயே திறக்கவில்லை. நர்சிங் பெண்ணும் அவசரப்படவில்லை... அப்படியே உட்கார்ந்திருந்தாள். பிறகு முத்துமாரி பேச ஆரம்பித்தாள். பேசினாள், பேசினாள், அப்படிப் பேசினாள்.

டெஸ்ட் எடுத்தார்கள். யூரின் இன்ஃபெக்ஷன், கிட்னி வரை ஏறியிருந்தது. இன்னும் விட்டிருந்தால் கிட்னிக்கே ஆபத்து என்றார் டாக்டர். மூன்று நாள் அட்மிஷன்.

"கம்பெனி லைன்ல நிக்கையில நெனச்சப்ப பாத்ரூம் போவ முடியாது ஓனர் ஐயா" என்றாள் முத்துமாரி. "நம்ம எடத்துல நிக்க ரிலீவர் வரணும். அவரு எப்ப வருவாருன்னே தெரியாது. அதான் ஷிப்ட்டு முழுக்க நாங்க யாருமே தண்ணி குடிக்கது இல்ல."

"இத ஏம்மா எங்கிட்ட சொல்லல?"

"நீங்க எங்க கேட்டிய? நீங்களேல்லா எல்லாத்தையும் சொல்லிட்டிய."

டீச்சர் சிஸ்டரிடம் கேட்டேன்: "இப்டி கேக்கறதுக்கு எந்த புக்குல கீது பாடம்?"

"புக்குலயும் இருக்கு சார். ஆனா சேர்ந்த முதல் வாரமே ஸ்டூடண்ட்ஸை பெட்ல படுக்க வச்சிடுவேன். ரெண்டு பேர் பக்கத்துல நின்னு, அவங்களப் பத்தியே பேசுவோம். அவங்ககிட்ட மட்டும் ஒரு வார்த்தை கேக்க மாட்டோம். பத்து நிமிஷம்தான். எந்திரிக்கும்போது பாதிப் பேருக்குக் கண்ணு கலங்கியிருக்கும். அப்புறம் நான் சொல்லிக்கொடுக்கவே தேவையில்ல."

எத்தனையோ பெரிய படிப்பாளிகளைப் பார்த்தவன் நான். இப்படி ஒரு வாத்தியாரைப் பார்த்ததில்லை.

அந்த ஸ்டூடண்ட் கேட்டுச் சொன்னதை வைத்து டாக்டர் ஒரு லெட்டர் எழுதிக் கொடுத்தார்: அடிக்கடி தண்ணீர் குடிக்க வேண்டும், பாத்ரூம் போக விட வேண்டும். கம்பெனியில் வந்து நான் பேசட்டுமா என்று முத்துமாரியிடம் கேட்டேன்.

"வாங்க ஐயா" என்றாள். "ஆனா பேசாதிய."

ஹெச்.ஆர். அறையில் கையைக் கட்டி உட்கார்ந்திருந்தேன். அவள் லெட்டரை நீட்டினாள். நடுநடுவே வார்த்தை தேடினாள். இரண்டு முறை எனக்கு நாக்கு துறுதுறுத்தது, அடக்கிக்கொண்டேன். எல்லாவற்றையும் அவளே சொல்லி முடித்தாள். வேலை போகவில்லை. இப்போது அந்த லைனுக்கே இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ரிலீவர் வருகிறார்.

என் வாழ்நாளில் வாயைத் திறக்காமல் நான் முடித்துக் கொடுத்த ஒரே காரியம் இதுதான் – அதிலும் நான்தான் ஃபர்ஸ்ட் கிளாஸ்.