பகர வரிசைக்குக் காத்திருந்தவள்

அகராதி அலுவலகத்தில் அவள் வேலை, ஒவ்வொரு சொல்லுக்கும் எடுத்துக்காட்டு வாக்கியம் எழுதுவது. பொருள் சொல்லப் பெரிய படிப்பாளிகள் இருந்தார்கள். அந்தப் பொருள் உயிரோடு நடமாடுவதைக் காட்ட அவள் இருந்தாள். வீட்டில் அவளை எல்லோரும் இஸ்திரி என்றுதான் கூப்பிடுவார்கள். அப்படிக் கூப்பிட ஆரம்பித்தவர் அக்கா புருஷன், கடைத்தெருவில் பட்டுக்கடை முதலாளி.

அவள் கல்யாணத்துக்குப் பட்டு அவர் உபயம். நாலு பேர் பார்க்கப் பெட்டியைத் திறந்து, தன் கடையிலேயே உசத்தி இதுதான் என்று சொல்லிக் கொடுத்தார். கல்யாணத்தன்று காலை, மாப்பிள்ளை வீட்டார் சுற்றி நிற்க, அதன் மேல் இஸ்திரிப் பெட்டியை வைத்தாள். துணி உருகிப் பெட்டியோடு வந்துவிட்டது. நடுவில் கையகலத்துக்கு ஓட்டை. அறையெல்லாம் கருகிய பிளாஸ்டிக் நாற்றம். அத்தான் அசரவே இல்லை.

"பட்டையே பாக்காதவளுக்கு இஸ்திரி போட எங்க தெரியும்?"

கூடமே சிரித்தது. அவள் பழைய துணியில் கல்யாணம் பண்ணிக்கொண்டாள்.

பழிவாங்கச் சுலபமான வழிகள் இருந்தன. ஆனால் படித்தவள் அல்லவா, இருப்பதிலேயே நீளமான வழியைப் பிடித்தாள். அகராதி அப்போதுதான் அகரத்தில் தொடங்கியிருந்தது. பட்டு பகரத்தில் இருந்தது. 'அடக்கம்', 'சாது', 'தங்கை' எல்லாவற்றுக்கும் நல்ல பிள்ளையாக வாக்கியம் எழுதிக்கொண்டே வருடக்கணக்கில் காத்திருந்தாள்.

ஒருவழியாகப் 'பட்டு' வந்தது. சொல் வடமொழியிலிருந்து வந்தது என்று ஒரு மேசை, தமிழிலேயே பிறந்தது என்று எதிர்மேசை. இரண்டும் கொஞ்ச நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. புழு நூற்கும் இழை, அதில் நெய்த துணி, குழந்தையைக் கொஞ்சும் சொல் என்று பொருள்கள் வரிசையாக நின்றன. துணிக்கு அவள் எழுதினாள்: "உண்மையான பட்டு உருகி இஸ்திரிப் பெட்டியில் ஒட்டாது, ஒட்டினால் விற்றவன் திருடன்."

ஆசிரியர் கண்ணாடியைக் கழற்றினார். "இதுல யாரோ ஒருத்தர் இருக்கார் போலிருக்கேம்மா."

"எல்லா வாக்கியத்துலயும் யாரோ ஒருத்தர் இருக்காங்க சார்."

அவர் திருடனை மட்டும் அடித்துவிட்டு மிச்சத்தை அச்சுக்கு அனுப்பினார். திருடனுக்காக ஒரு சாயங்காலம் துக்கம் காத்தாள். பிறகு, பாதி வாக்கியமே தாராளம் என்று பட்டது.

அத்தான் கடையைப் பெரிதாக்கித் திறந்த அன்று, அந்தப் பக்கத்தைப் பெரிய எழுத்தில் அச்சடித்து, சட்டம் போட்டு, நாலு பேர் பார்க்கப் பிரித்துக் கொடுத்தாள். சொல்லின் பழமையைப் பற்றிய முதல் வரியை அத்தான் கணீரென்று வாசித்தார். எதிலும் முதல் வரிக்குக் கீழே போகிற பழக்கம் அவருக்குக் கிடையாது. மச்சினியை மெச்சியபடி கல்லாவுக்குப் பின்னால் மாட்டினார். அங்கே வரிசையில் நிற்பவர்களுக்கோ படிக்க வேறொன்றும் இல்லை.

முதலில் ஒரு டீச்சரம்மா, கடையில் இஸ்திரிப் பெட்டி இருக்கிறதா என்று கேட்டாள். அடுத்து வந்தவர் பையில் கையோடு கொண்டே வந்திருந்தார்.

அத்தான் வீடு தேடி வந்தார். சட்டத்தை மாட்டியிருந்தால் பெட்டி கேட்கிறார்களாம். கழற்றினால் ஏன் கழற்றினீர்கள் என்கிறார்களாம். ஒரு வரிதானே, அடுத்த பதிப்பில் மாற்றிவிடேன் என்று கெஞ்சினார். கல்யாணத்துக்குப் பிறகு முதல் தடவையாக அவளைச் சொந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். அவள் மடித்த துணியிலிருந்து கையை எடுக்காமல் பட்டுக் கத்தரித்தாற்போலச் சொன்னாள்:

"பட்டையே பாக்காதவளுக்கு அதெல்லாம் எங்க தெரியும், அத்தான்?"

பிறகு அவர் போட்டிருந்த பளபளச் சட்டையைப் பார்த்தாள். அவர் கடைச் சரக்குதான்.

"கசங்கியிருக்கே. கழட்டிக் குடுங்க, பெட்டி சூடாத்தான் இருக்கு."

அத்தான் பொத்தானைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.