சப்பரம் திரும்பும் முனை

மாதா சப்பரத்துக்கு முன்கம்பு தூக்குகிறவர் அவர். தோளில் காய்த்துப்போன தழும்பு, அதன்மேல் வெளுத்த துண்டு. பாகூர் பக்கத்து ஊர் ஒன்றில் திருவிழாவுக்கு சீரியல் விளக்கு கட்டப் போகும் நான் வருஷாவருஷம் அவரைப் பார்ப்பேன். காலனித் தெரு முனை வந்ததும் சப்பரத்தை இறக்கச் சொல்லிவிட்டு, அந்தத் தெருவையே பார்த்தபடி நிற்பார். அங்கே ஜனங்கள் மெழுகுவர்த்தியோடு காத்திருப்பார்கள். சப்பரம் உள்ளே போகாது. ஊர் வழக்கம் அப்படி.

போன வருஷம் கேட்டுவிட்டேன். "அவங்களும் உங்க கோயில் ஜனந்தானேண்ணே?"

"ஆமாம்பா. மாதா உள்ளதான் போவணும்னு நிக்குது. கடவுளு நெனைக்கிறது ஒரு பக்கம், நாம தூக்கினு போறது வேற பக்கம்."

"அப்போ நேரா உள்ள போங்களேன்."

அவர் துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்தார். பிறகு கம்புக்குத் தோள் கொடுத்து, களைத்த குரலில் அவரேதான் கத்தினார்: "திருப்புங்கடா!"